சுருட்டி விட்டது யார்?

சில வருஷங்களுக்கு முன்பு நான் எழுதிய ஒரு நாவலின் கதாநாயகிக்குச் சுருட்டை முடி. முதல் அத்தியாயத்தில் அவள் வாசற்படியில் வந்து நின்றபோது நெற்றியில் கேசம் சுருள் சுருளாகப் புரண்டது. மூன்றாம் அத்தியாயத்தில் அதே சுருள்கள் காற்றில் ஆடின. ஏழாவதில் கண்ணீரில் நனைந்து கன்னத்தில் ஒட்டிக்கொண்டன. எழுதும்போது எனக்கு இதெல்லாம் வெகு அழகாகத்தான் பட்டது. கையெழுத்துப் பிரதியை அக்காவிடம் படிக்கக் கொடுத்தேன். அக்கா விமரிசகி அல்ல. ஆனால் கதைப் புத்தகத்தைக் கீழே வைக்காமல் படிக்கிறவள். படித்த பிறகு தாட்சண்யம் பார்க்காதவள்.

"ஏண்டா, இந்தப் பெண்ணுக்குத் தலை வாரி விடுகிறது யார்?" என்று கேட்டாள். "இருநூறு பக்கத்தில் இவள் ஒரு நாளாவது சீப்பைத் தொட்டதாகக் காணோமே! சுருட்டை முடியில் சிக்கு எடுப்பது என்ன பாடு என்று உனக்குத் தெரியுமா?"

சிரித்து மழுப்பினேன். ஆனால் கேள்வி மனசை விட்டுப் போகவில்லை. அதற்குப் பிறகு எந்த நாவலை எடுத்தாலும், கூந்தலைப் பற்றிய வரி வந்தவுடனே நின்றுவிடுவேன். இதை வாரியது யார்? எந்தக் கருவியால்? எத்தனை நேரம்? இப்படிப் பார்க்க ஆரம்பித்ததும் ஒரு விஷயம் புலப்பட்டது. சுருண்ட கூந்தல் வருணனைக்கு உதவும். கூந்தலைச் சுருட்டுவதோ கதைக்கே உதவும். நல்ல எழுத்தாளர்களுக்கு இது தெரிந்திருக்கிறது. எனக்குத்தான் தெரியவில்லை.

நம் பழைய இலக்கியத்தில் பெண்களின் கூந்தலுக்கு ஐம்பால் என்று ஒரு பெயர் உண்டு. ஐந்து வகையாக முடிப்பதால் அந்தப் பெயர். அந்த ஐந்தில் சுருளையும் ஒன்றாகச் சொல்லும் உரைகள் உண்டு. ஆனால் நேராக இருக்கும் மயிரை நெருப்பில் காய்ச்சிய இரும்பால் சுருட்டுவதும், ராத்திரி முழுவதும் கந்தல் துணியில் சுற்றி வைப்பதும் மேல்நாட்டு வீடுகளின் சமாசாரம். அந்த நாட்டுப் புத்தகங்களில்தான் அவற்றைத் தேட வேண்டும்.

முதலில் கருவிகளைச் சொல்லிவிடுகிறேன். அவை பெரும்பாலும் மறைந்துவிட்டன. ஏழைக்கும் பணக்காரனுக்கும் பொதுவானது கந்தல் துணி. பழைய துணியை விரல் அகலத்துக்குக் கீற்றுக் கீற்றாகக் கிழித்து, ஈரத் தலைமயிரைப் பிரித்து, ஒவ்வொரு பிரிவையும் ஒரு கீற்றில் இறுகச் சுற்றி முடிச்சுப் போடுவார்கள். காலையில் அவிழ்த்தால் நீளச் சுருள் விழும். அடுத்தது காகிதம். சிறு காகிதத் துண்டில் மயிர்க்கற்றையைச் சுற்றி மடித்துத் தலையோடு ஒட்ட வைத்துக்கொண்டு தூங்குவது. அவசரம் என்றால் மூன்றாவது வழி, இடுக்கி. கத்தரிக்கோல் மாதிரி இரண்டு கை, முனையில் உருண்டைக் கம்பி. அதை அடுப்பிலோ சாராய விளக்கின் சுடரிலோ காய்ச்சி, காகிதம் சுற்றிய மயிரை அதனால் அழுத்துவார்கள். சூடு எவ்வளவு என்று காட்ட அதில் ஒன்றும் கிடையாது. ஒரு காகிதத்தைக் கம்பியால் கவ்விப் பார்ப்பார்கள். காகிதம் பழுத்தால் சூடு அதிகம். அந்தக் காகிதந்தான் தெர்மாமீட்டர்.

இதன் தத்துவம் எளிது. மயிருக்குள் இருக்கும் கட்டுகளில் சில, ஈரம் பட்டாலும் சூடு பட்டாலும் தளர்ந்து கொடுக்கும். உலரும்போதும் ஆறும்போதும் எந்த வடிவத்தில் பிடித்து வைத்திருக்கிறோமோ அந்த வடிவத்திலேயே மறுபடி இறுகும். ஆகையால் மறுபடி ஈரம் பட்டால் சுருள் போய்விடும். மழை பெய்தால் போயிற்று. நடனத்தில் வியர்த்தால் போயிற்று. ஒரு ராத்திரி வேதனைக்கு ஒரு பகல் அழகு. அதற்கும் உத்தரவாதம் இல்லை. இந்த நிச்சயமின்மை நாவலாசிரியனுக்கு எவ்வளவு பெரிய வரப்பிரசாதம் என்று யோசித்துப் பாருங்கள்!

இந்தக் கருவிகளைப் பற்றி வயதானவர்கள் ஆசையோடு நினைவுகூர்ந்து எழுதுவதைப் படித்திருக்கிறேன். அந்தக் காலத்துக் கந்தல் சுருள், அந்தக் காலத்து விளக்கு, அந்தக் காலத்துச் சனிக்கிழமை ராத்திரி என்று ஒரே இனிப்பு. படித்து முடித்ததும் ஒரு சந்தேகம் வரும். தலையைப் பிடித்து இழுத்தபோது இவர்கள் அழவே இல்லையா? நினைவுக்குச் சீப்பு போடும் பழக்கம் உண்டு. சிக்கெல்லாம் எடுத்து, வழவழவென்று வாரி, எண்ணெய் தடவிக் காட்டும். நினைவு வாரி வைத்ததை அப்படியே காகிதத்தில் வைப்பவர்கள் பலர். சிக்கையும் சேர்த்து வைப்பவர்கள் சிலர்தான்.

அந்தச் சிலரில் ஒருவர் லாரா இங்கால்ஸ் வைல்டர். அமெரிக்காவில் விஸ்கான்ஸின் காட்டில் 1867-ல் பிறந்தவர். தம் குழந்தைப் பருவத்தை வைத்து எழுதிய முதல் புத்தகமான 'லிட்டில் ஹவுஸ் இன் தி பிக் உட்ஸ்' 1932-ல் வெளிவந்தபோது அவருக்கு 65 வயது. ஏறக்குறைய அறுபது வருஷத்துக்கு முந்திய சங்கதி. அதில் குடும்பம் பட்டணத்துக்குப் போவதற்கு முந்தின ராத்திரி ஒன்று வருகிறது. குழந்தை லாரா கடை வீதியையே பார்த்ததில்லை. அம்மா இரண்டு பெண்களையும் குளிப்பாட்டி, ஈரத் தலையைப் பிரித்துக் கந்தல் கீற்றுகளில் இறுகச் சுற்றி விடுகிறாள். படுத்தால், எந்தப் பக்கம் திரும்பினாலும் தலையணையில் முண்டு முண்டாகக் குத்துகிறது.

இந்த முண்டு இருக்கிறதே, அதைத்தான் சொல்கிறேன். 65 வயதுக் கிழவிக்குச் சுருளின் அழகு நினைவிருப்பது ஆச்சரியமில்லை. முண்டு நினைவிருக்கிறதே, அது ஆச்சரியம். அந்த ஒரு முண்டில் ஒரு குழந்தை தூக்கம் வராமல் புரளுவது தெரிகிறது. நாளைக்குப் பட்டணம் பார்க்கப் போகிறோம் என்ற பரபரப்பு தெரிகிறது. காட்டு நடுவில் மரக்குடிசையில் இருந்துகொண்டு, தன் பெண்கள் நாலு பேர் கண்ணுக்கு லட்சணமாகத் தெரிய வேண்டும் என்று கந்தலைக் கிழித்த ஒரு தாயின் கௌரவமும் தெரிகிறது. ஆசிரியை இதில் எதையும் விளக்கிச் சொல்லவில்லை. முண்டை மட்டும் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அதே புத்தகத்தில் இன்னும் ஒரு இடம் உண்டு. அக்கா மேரிக்குப் பொன்னிறச் சுருள். லாராவுக்குப் பழுப்புச் சுருள். வீட்டுக்கு வரும் சித்தியிடம் எது அழகு என்று குழந்தைகள் கேட்கிறார்கள். அந்த அம்மாள் சாமர்த்தியமாக இரண்டும் பிடிக்கும் என்று சொல்லிவிடுகிறாள். பிறகு குழந்தைகள் தனியாக இருக்கும்போது சண்டை மூள்கிறது. பொன்னிறந்தான் உசத்தி என்கிறாள் மேரி. லாரா அறைந்துவிடுகிறாள், அப்பாவிடம் அடியும் வாங்குகிறாள். கடைசியில் அந்த அப்பாவே அவளை மடியில் வைத்துக்கொண்டு, தன் முடியும் பழுப்புத்தானே என்று நினைவுபடுத்துகிறார். இரண்டு பெண்களுக்கும் சுருட்டி விட்டவள் ஒரே தாய்தான். கந்தல் எல்லாருக்கும் சமம். மயிரின் நிறம் சமம் இல்லை. இதை ஒரு அறையால் சொன்ன புத்தகத்தை இனிப்பு மிட்டாய் என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

அதே வரிசையில் பின்னால் வந்த 'லிட்டில் டவுன் ஆன் தி ப்ரெய்ரி' 1941-ல் வெளியாயிற்று. அதில் லாரா வளர்ந்த பெண். நெற்றி மயிரை வெட்டிக்கொள்வது அப்போது நாகரிகம். அவளும் வெட்டிக்கொண்டு, சிலேட்டுக் குச்சியை விளக்குச் சிமினியில் காய்ச்சி, அதில் மயிரைச் சுற்றிச் சுருட்டிக்கொள்கிறாள். பள்ளிக்கூடத்துக் குச்சி அலங்காரக் கருவியாகிவிட்டது. அம்மாவின் கை போய் அவள் கையே வந்துவிட்டது. ஒரு பெண் பெரியவளாகிவிட்டாள் என்பதை எத்தனையோ பேர் எத்தனையோ பக்கங்களில் எழுதியிருக்கிறார்கள். இந்தச் சிலேட்டுக் குச்சிக்கு ஈடாக நான் ஒன்றும் பார்க்கவில்லை.

இனி இடுக்கிக்கு வருகிறேன். இடுக்கி என்றதும் ஆங்கிலக் கதை படித்த எல்லாருக்கும் நினைவுக்கு வருவது லூயிஸா மே ஆல்காட்டின் 'லிட்டில் விமன்'. முதல் பாகம் 1868-ல் வந்தது. நான் அதைக் காலேஜில் இண்டர்மீடியட் படிக்கும்போது வாசகசாலையில் எடுத்துப் படித்தேன். பெண்கள் புத்தகம் என்று அட்டையை மறைத்துக்கொண்டு படித்தது இப்போது வெட்கமாக இருக்கிறது. மூன்றாம் அத்தியாயம். நான்கு சகோதரிகள், வீட்டில் வசதி குறைவு. மூத்தவள் மெக்கும் இரண்டாமவள் ஜோவும் புதுவருஷத்துக்கு முந்தின நாள் ராத்திரி ஒரு நடன விருந்துக்குக் கிளம்புகிறார்கள். முகத்தைச் சுற்றி நாலு சுருள் இருந்தால் தேவலை என்று மெக்குக்கு ஆசை. காகிதம் சுற்றிய மயிரை ஜோ காய்ச்சிய இடுக்கியால் அழுத்துகிறாள். புகை வருகிறது. இப்படிப் புகையலாமா என்று ஒரு தங்கை கேட்கிறாள். ஈரம் காய்கிறது என்று ஜோ அடித்துச் சொல்கிறாள். இறகு கருகுகிற நாற்றம் அடிக்கிறதே என்கிறாள் கடைக்குட்டி ஏமி. அவளுக்கு இயற்கையிலேயே சுருட்டை. அதைத் தடவிக்கொண்டே சொல்கிறாள். காகிதத்தை எடுத்தால் சுருள் இல்லை. மயிரே காகிதத்தோடு கையில் வந்துவிடுகிறது.

இந்த இடத்தைச் சிரிப்புக்காக எழுதியது என்று தள்ளிவிட வேண்டாம். இறகு நாற்றம் என்று எழுதியிருப்பதைப் பாருங்கள். பறவையின் இறகும் மனிதர் மயிரும் ஒரே ஜாதிப் புரதத்தால் ஆனவை. கெரட்டின் என்று அதற்குப் பெயர். அதில் கந்தகம் உண்டு. அதனால் இரண்டும் கருகினால் கிட்டத்தட்ட ஒரே நாற்றந்தான். ஆல்காட் அம்மையார் ரசாயனம் பார்த்து எழுதவில்லை. மூக்கை நம்பி எழுதினார். மூக்கு பொய் சொல்லாது. கண்ணை மட்டும் நம்பி எழுதுகிற என் போன்றவர்களுக்கு இது ஒரு பாடம்.

அதைவிடப் பெரிய பாடம் பிறகு வருகிறது. மயிர் கருகிப் போன பிறகு அந்த அறையில் நடப்பதைப் பாருங்கள். மெக் அழுகிறாள். ஜோ தன்னையே திட்டிக்கொள்கிறாள். சீக்கிரம் வளர்ந்துவிடும் என்று சாது பெத் தேற்றுகிறாள். ரிப்பன் கட்டி நுனிகள் நெற்றியில் விழும்படி செய்தால் புது நாகரிகம் மாதிரியே இருக்கும் என்று ஏமி யோசனை சொல்கிறாள். ஜோவின் தலையிலோ பத்தொன்பது கொண்டை ஊசிகள் குத்திக்கொண்டிருக்கின்றன. நான்கு பெண்களின் குணமும் ஒரு கருகிய கற்றையைச் சுற்றி வந்து நின்றுவிட்டது. ஒரு வருணனையும் தேவைப்படவில்லை.

இதற்கு இணையான இன்னொரு காட்சி அதே புத்தகத்தில் இருக்கிறது. பலரும் அதைச் சேர்த்துப் பார்ப்பதில்லை. ஒன்பதாம் அத்தியாயத்தில் மெக் ஒரு பணக்காரச் சிநேகிதியின் வீட்டில் போய்த் தங்குகிறாள். விருந்துக்கு முன்னால் சிநேகிதியின் சகோதரியும், பிரெஞ்சுப் பணிப்பெண்ணும் அவளை அறைக்குள் அடைத்துக்கொண்டு அலங்காரம் செய்கிறார்கள். அங்கே இடுக்கி தவறவில்லை, புகை வரவில்லை, சுருள் சுருளாகத்தான் விழுகிறது. எல்லாம் கச்சிதம். ஆனால் அந்த ராத்திரிதான் மெக்குக்குத் தன்னைப் பார்க்கவே வெட்கமாகிறது. பக்கத்து வீட்டுப் பையன் லாரியும் முகம் சுளிக்கிறான். வீட்டில் சகோதரி கருக்கிவிட்ட தலையோடு போன விருந்து இனித்தது. கைதேர்ந்தவள் சுருட்டிவிட்ட தலையோடு போன விருந்து கசந்தது. இரண்டு காட்சிகளுக்கும் நடுவே ஐந்து அத்தியாயங்கள். ஒன்றை ஒன்றோடு முடிச்சுப் போட்டுக் காட்ட ஆசிரியை முயலவில்லை. வாசகன் முடிச்சை அவிழ்ப்பான் என்று விட்டுவிட்டார்.

பிறகு 15-ஆம் அத்தியாயத்தில் இதே ஜோ, தகப்பனார் நோயாகக் கிடக்க, தாயாரின் பிரயாணச் செலவுக்காகத் தன் நீண்ட கூந்தலையே 25 டாலருக்கு விற்றுவிட்டு வருகிறாள். பகலெல்லாம் தைரியமாக இருந்துவிட்டு ராத்திரி அதற்காக அழுகிறாள். அப்போது அவளைத் தேற்றுகிறவள் மெக். அவள் மயிரைக் கருக்கிய கைதான் இப்போது தன் மயிரைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறது. மூன்றாம் அத்தியாயத்துச் சிரிப்பு 15-ஆம் அத்தியாயத்தில் வட்டியோடு திரும்பி வருகிறது.

ஆல்காட்டைப் புகழ்வதோடு நிறுத்திக்கொண்டால் நானும் சிக்கை மறைத்த குற்றவாளியாவேன். சகோதரி சகோதரிக்குச் சுருட்டி விடுவது அன்பு. சம்பளத்துக்கோ அடிமைத்தனத்துக்கோ கட்டுப்பட்ட ஒருத்தி சுருட்டி விடுவது? பழைய காலத்து இடுக்கியைப் பற்றி உருகுகிறவர்கள் உட்கார்ந்திருந்தவர்களா, நின்றுகொண்டிருந்தவர்களா என்று கேட்க வேண்டாமா?

ஜேன் ஆஸ்டினின் 'எம்மா' 1815 டிசம்பரில் வெளிவந்தது. கிறிஸ்துமஸுக்கு முந்தின ராத்திரி விருந்திலிருந்து திரும்பும்போது, வண்டிக்குள் பாதிரியார் எல்டன் எம்மாவிடம் காதலைச் சொல்லிவிடுகிறார். அவரைத் தன் சிநேகிதி ஹாரியெட்டுக்கு முடித்து வைக்கக் கனாக் கண்டுகொண்டிருந்தவள் எம்மா. எல்லாம் தலைகீழ். அடுத்த அத்தியாயத்தின் முதல் வாக்கியத்தில், தலைமயிரைச் சுருட்டி முடித்துப் பணிப்பெண்ணை அனுப்பிய பிறகுதான் எம்மா உட்கார்ந்து யோசிக்கவும் துக்கப்படவும் தொடங்குகிறாள். எத்தனை துக்கமானாலும் நாளைக் காலைக்குச் சுருள் வேண்டும்! துக்கம் தன் முறை வரும்வரை காத்திருக்கிறது. ஒரே வாக்கியத்தில் எம்மாவின் வர்க்கம், வயசு, சுபாவம் எல்லாம் அடங்கிவிட்டன. ஆஸ்டினின் ரஸிகர்கள் இதைக் கொண்டாடுவது நியாயந்தான்.

எனக்கோ அந்தப் பணிப்பெண்ணிடமே மனசு போகிறது. எஜமானியின் முகம் அன்றைக்கு எப்படி இருந்தது என்பதைக் கண்ணாடியில் மிகக் கிட்டத்தில் பார்த்தவள் அவள்தான். காகிதம் சுற்றும்போது விரலுக்கடியில் தலை அசைந்திருக்கும். அவளுக்கு எல்லாம் புரிந்திருக்கும். ஆஸ்டின் அவளுக்கு அங்கே பெயரும் கொடுக்கவில்லை, கதவைத்தான் காட்டினார். இது குறை என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. அந்த வாக்கியத்தின் கச்சிதமே அவளை அனுப்பிவிட்டதால்தான் வந்தது. ஆனாலும் அந்தக் கதவு சாத்தும் சத்தம் என் காதில் விழுந்துகொண்டே இருக்கிறது.

இன்னும் பின்னால் ரோமாபுரிக்குப் போனால் கதவு திறந்துகொள்கிறது. அங்கே சுருட்டும் இரும்புக்குக் கலமிஸ்ட்ரம் என்று பெயர். சூடான சாம்பலில் அதைக் காய்ச்சிக் கொடுப்பதற்கென்றே அடிமைகள் இருந்தார்கள். சாம்பலை வைத்தே அவர்களுக்குப் பெயர். 2,000 வருஷங்களுக்கு முன்பு ஓவிட் என்ற கவிஞர், தலைமயிர் கொட்டிப்போன தம் காதலியைப் பற்றி ஒரு கவிதை எழுதினார். சாயம் போட்டுக் கெடுத்துக்கொண்டாயே என்பதுதான் முக்கியமான குறை. அந்த மயிர் எத்தனை பொறுமையாக இரும்புக்கும் நெருப்புக்கும் வளைந்து கொடுத்தது என்றும் புலம்புகிறார். அதற்கு நடுவே, உன் தலையை வாரிய பணிப்பெண்ணின் உடம்பில் காயம் பட்டதே இல்லை, நீ ஊசியைப் பிடுங்கி அவள் கையில் குத்தியதில்லை என்று பாராட்டும் சொல்கிறார். குத்தாமல் இருந்தது பாராட்டுக்குரியது என்றால், மற்ற வீடுகளில் என்ன நடந்திருக்கும்?

அதற்குப் பதில் மார்ஷியல் என்ற இன்னொரு கவிஞரிடம் இருக்கிறது. நாலைந்து வரியில் குத்தலாகப் பாடுவதில் அவர் நிபுணர். தலை முழுவதும் அடுக்கிய சுருள்களில் ஒன்றே ஒன்று சரியாக நிற்கவில்லை. எந்தக் கண்ணாடியில் அந்தக் குற்றத்தைப் பார்த்தாளோ அந்தக் கண்ணாடியாலேயே எஜமானி லலாகே, தலை வாரிய பிளெக்கூஸாவை அடித்து வீழ்த்துகிறாள். எஜமானியைக் கேலி செய்யத்தான் மார்ஷியல் இதை எழுதினார். ஆனால் அடிபட்டவளின் பெயரையும் எழுதினார். ஒரு சுருளின் விலை அந்தச் சின்னக் கவிதையில் தெரிகிறது.

சுருட்டுவதில் மட்டுமல்ல, சுருட்டக் கூடாது என்பதிலும் அதிகாரம் உண்டு. 1847-ல் வந்த 'ஜேன் அயர்' படித்தவர்களுக்கு லோவுட் அநாதைப் பள்ளியும் அதன் பொருளாளர் பிராக்கிள்ஹர்ஸ்டும் மறந்திருக்காது. ஒரு சிறுமியின் தலையில் சுருளைக் கண்டு அவர் கொதித்துப் போகிறார். இயற்கையிலேயே அப்படி என்று ஆசிரியை சொல்கிறாள். இயற்கைக்கு நாம் கட்டுப்பட முடியுமா என்று வாதாடி, முழுவதையும் வெட்டிவிட உத்தரவு போடுகிறார். அந்த நிமிஷமே அவருடைய மனைவியும் பெண்களும் பட்டும் வெல்வெட்டுமாக உள்ளே நுழைகிறார்கள். பெண்களின் தலையில் அழகாகச் சுருட்டிய கேசம். மனைவியின் நெற்றியில் விலைக்கு வாங்கிய பொய்ச் சுருள்! சார்லட் பிராண்டே ஒரு வார்த்தை கண்டனம் செய்யவில்லை. கதவைத் திறந்தார், அவர்களை உள்ளே விட்டார், அவ்வளவுதான்.

கருவிகளின் மீதிக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பாரிஸில் மார்செல் கிராட்டோ என்பவர் இடுக்கியைப் பிடிக்கும் விதத்தை மாற்றி, சுருளுக்குப் பதில் அலையலையாக மடிப்பு விழச் செய்து பெரிய பணம் பண்ணினார். ஜெர்மனியில் கருங்காட்டுப் பிரதேசத்தில் பிறந்த கார்ல் நெஸ்லர், லண்டன் ஆக்ஸ்போர்டு தெருவில், ஈரத்துக்கும் கலையாத நிரந்தரச் சுருளைச் செய்து காட்டினார். மேலே சரவிளக்குப் போல ஒரு சாதனம்; அதிலிருந்து தொங்கும் கனமான பித்தளைக் கம்பிகள்; ரசாயனம் தடவிய தலை. முதலில் பரிசோதனைக்குத் தலை கொடுத்தவர் அவர் மனைவி கத்தரீனா. ஆரம்பச் சோதனைகளில் அந்த அம்மாளின் மயிர் கருகியது. ஜோவின் இடுக்கிக் கதையேதான். இதற்கு மட்டும் யாரும் சிரிக்கவில்லை.

1928-ல் அமெரிக்காவில் மார்ஜரி ஜாய்னர் என்ற கறுப்பினப் பெண்மணி, பல கம்பிகளை ஒரே மூடிக்குள் இணைத்து மின்சாரத்தில் இயங்கும் சாதனத்துக்குப் பேடண்ட் வாங்கினார். இறைச்சியைச் சமைக்கும்போது செருகும் கம்பிகளைப் பார்த்து அவருக்கு அந்த யோசனை பிறந்ததாகச் சொல்வார்கள். அவர் வேலை பார்த்த கம்பெனிக்கு உரிமை போயிற்று. 1930-களின் கடைசியில் சூடே இல்லாமல் ரசாயனத்தால் மட்டும் சுருட்டும் முறை வந்தது. 1940-களில் அது ஒரு பெட்டிக்குள் அடங்கி வீட்டுக்கே வந்துவிட்டது. இன்றைய இடுக்கிக்கு மின்சார வயர் உண்டு. சூடு எத்தனை டிகிரி என்று எண்ணும் காட்டும். காகிதத்தைக் கவ்விப் பார்க்க வேண்டாம். கந்தலைக் கிழிக்க வேண்டாம். சகோதரியைக் கூப்பிட வேண்டாம்.

இது நல்லதா கெட்டதா? பிளெக்கூஸாவை நினைத்தால் நல்லது என்று தயங்காமல் சொல்வேன். தன் தலையைத் தானே சுருட்டிக்கொள்கிறவள் யாரையும் கண்ணாடியால் அடிப்பதில்லை. ஆனால் கதை எழுதுகிறவனுக்கு ஒரு நஷ்டம் உண்டு. ஒருவர் தலையில் இன்னொருவர் கை வைக்கும் அந்த அரைமணி நேரம் போய்விட்டது. அந்த அரைமணியில் பேசின பேச்சு, பேசாமல் விட்ட பேச்சு, இழுத்த இழுப்பில் காட்டின கோபம், முடிச்சில் காட்டின பிரியம், இவை எல்லாம் போய்விட்டன. பழைய கருவிகளை நினைத்து ஏங்குகிறவர்களுக்கு அந்த இரும்பின் மேல் ஆசை இல்லை. அதைப் பிடித்திருந்த கை இன்று இல்லையே என்றுதான் அவர்கள் அழுகிறார்கள். அதைத் தெரிந்துகொண்டு எழுதினால் நினைவு இலக்கியமாகிறது. தெரியாமல் எழுதினால் பழைய சாமான் ஜாபிதாவாகிறது.

சுருட்டும் இரும்பை எழுத்துக்கு உவமை சொன்னவர்களும் ரோமாபுரிக்காரர்களே. கி.மு. 46-ல் எழுதிய 'புரூட்டஸ்' என்ற நூலில் ஸிஸரோ, ஜூலியஸ் ஸீஸரின் யுத்தக் குறிப்புகளைப் பற்றிப் பேசுகிறார். ஆடையைக் களைந்தது போல அலங்காரமில்லாத, நேரான எழுத்து என்று புகழ்கிறார். பிறர் சரித்திரம் எழுத உதவட்டும் என்றுதான் ஸீஸர் குறிப்புகளை வைத்தார்; இரும்பைக் காய்ச்சிக்கொண்டு வந்து அவற்றைச் சுருட்டிவிட அசடர்களுக்கு ஆசை வரலாம், புத்தியுள்ளவர்கள் பேனாவைத் தொடமாட்டார்கள் என்பது அவர் கருத்து. ஸிஸரோவின் சொந்த நடையே கொஞ்சம் சுருட்டின நடைதான். அதனால்தான் அவருக்கு இது தெரிந்தது போலும்.

இதைப் படித்தபோது அக்காவின் கேள்வி எனக்கு இன்னொரு விதமாகப் புரிந்தது. என் கதாநாயகியின் தலையைச் சுருட்டி விட்டது யார்? நான்தான். வேறு யாரும் இல்லை. அவளுக்குத் தாய் இருந்தாள். ஆனால் அந்தத் தாயின் கையில் நான் ஒரு சீப்பைக் கொடுக்கவில்லை. தங்கை இருந்தாள், அவள் ஒரு நாளும் அக்காவின் பின்னலைப் பிடித்து இழுக்கவில்லை. எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டு, என் பேனாவையே காய்ச்சி, பக்கத்துக்கு ஒரு சுருளாக நானே வைத்துவிட்டேன். இறகு நாற்றம் அடித்திருக்க வேண்டும். எனக்கு மூக்கு வேலை செய்யவில்லை, அக்காவுக்குச் செய்தது.

நாவலின் அடுத்த பதிப்பில் பதினோரு சுருள்களை எடுத்துவிட்டேன். ஒன்றை மட்டும் வைத்திருக்கிறேன். அதில் தாய் சிக்கெடுக்கிறாள், பெண் "ஐயோ, அம்மா, மெதுவாக!" என்று கத்துகிறாள். விற்பனை கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

என் வீட்டிலும் மின்சார இடுக்கி ஒன்று இருக்கிறது. என் பெண் கல்யாணம் கார்த்திகை என்றால் கதவைச் சாத்திக்கொண்டு தானே சுருட்டிக்கொள்வாள். போன மாதம் அப்படித்தான் உள்ளே போனாள். கால் மணி கழித்துக் கதவு பாதி திறந்தது.

"அப்பா, கொஞ்சம் வாங்களேன். பின்பக்கம் எனக்குத் தெரியவில்லை. சரியாக விழுந்திருக்கிறதா என்று பாருங்கள்."

எழுந்து போனேன். ஒன்று சரியாக விழவில்லை. அதைச் சொன்னேன்.